நாற்பது நாள் கீரை

1996 ஏப்ரல் 16, செவ்வாய்க்கிழமை. காலை ஏழு மணிக்கு என் மனைவி எஸ்தரின் மூக்கிலிருந்து கசியத் தொடங்கிய ரத்தம் ஒன்பது மணிக்கும் நிற்கவில்லை. இரண்டு துண்டுகள் நனைந்துவிட்டன. மூன்றாவது துண்டை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"அது புதுத் துண்டுங்க. கறை போகாது. பழசு ஏதாச்சும் குடுங்க."

அவள் குரல் நடுங்கவில்லை.

முந்தின இரண்டு நாட்களாகப் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்திருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை. தேர்தல் நேரம், மனுசன் அலைந்துகொண்டிருக்கிறார் என்று விட்டுவிட்டாள். சேலைத் தலைப்பை விலக்கி முழங்கைக்கு மேல் காட்டினாள். கத்தரிப்பூ நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கன்றிப்போன இடம். எங்கும் இடித்துக்கொள்ளவில்லை என்றாள்.

எங்கள் வீடு சூலூரில். நான் அப்போது ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர். என் அப்பா தோட்டத்துக் கூலியாக இருந்து என்னைப் படிக்க வைத்தவர். எழுதிய செய்தியை உறையிலிட்டு மதியம் கோயமுத்தூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தால், காந்திபுரத்தில் அலுவலக ஆள் வாங்கிக்கொள்வார். அன்று செய்தி உறைக்குப் பதிலாக எஸ்தரை ஏற்றிக்கொண்டு, தெருமுனையில் நின்ற வாடகைக் காரில் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

சாதாரணமாக மூக்கில் ரத்தம் வந்தால் யாரும் கார் பிடிக்க மாட்டார்கள். எஸ்தர் விஷயம் வேறு.

சிறுவயதில் வந்த மூட்டுக்காய்ச்சல் அவள் இருதயத்தின் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டிருந்தது. 1995 ஆகஸ்டில் அதை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். உலோகத்தின் மேல் ரத்தம் உறையப் பார்க்கும். ஒரு சிறு கட்டி உருவானாலும் வால்வு சிக்கிக்கொள்ளும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் கை கால் விழுந்துவிடும். அதனால் ரத்தம் எளிதில் உறையாதபடி ஆயுள் முழுக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிட வேண்டும். குறைந்தால் வால்வுக்கு ஆபத்து. கூடினால் ரத்தம் நிற்காது. நடுவில் ஒரு குறுகலான பாதை இருக்கிறது. அந்தப் பாதையில்தான் போகிறோமா என்று பார்க்க மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை. ஐ.என்.ஆர். என்று ஓர் எண் வரும். எஸ்தருக்கு அது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் இடையில் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்த எண்ணை நான் என் நிருபர் டைரியிலேயே எழுதிவந்தேன். ஊராட்சிக் கூட்டம், லாரி கவிழ்ந்தது, ஜவுளி விலை, எஸ்தரின் ஐ.என்.ஆர். எல்லாம் ஒரே டைரியில்.

அந்த நாட்களை நினைத்தால் இன்றும் ஏக்கமாக இருக்கிறது. மாதம் ஒரு திங்கட்கிழமை முதல் பஸ். ஜன்னலோரம் எஸ்தர். ரத்தம் கொடுத்துவிட்டு, முடிவு வரும் மதியம் வரை என்ன செய்வது? கடைவீதியில் நடப்போம். ஒரு நெய் ரோஸ்ட்டை இரண்டாகப் பிய்த்துச் சாப்பிடுவோம். எங்கள் கல்யாண வாழ்க்கையில் இருவரும் சேர்ந்து ஊர் சுற்றியது அந்த வால்வு வந்த பிறகுதான்.

எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் விசைத்தறி. பகலெல்லாம் சத்தம். கரண்ட் போனால் தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். அப்போது அவள் நெஞ்சிலிருந்து கைக்கடிகாரம் ஓடுவதுபோல வால்வின் சத்தம் கேட்கும். டிக், டிக். "கரண்ட் போனாலும் என்னோட தறி ஓடுது பாருங்க" என்பாள்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் பஞ்சுத்திரி வைத்து அடைத்தார்கள். பத்தரை மணிக்கு ஐ.என்.ஆர். வந்தது. ஏழரை.

அவளுக்கு அறுவை சிகிச்சைக்குப் பிறகு வைத்தியம் பார்த்துவந்த இருதய டாக்டர் சுருக்கமாகப் பேசுபவர். மாத்திரையை நிறுத்தினார். ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த பிளாஸ்மாவை ஏற்றச் சொன்னார். எங்கள் திருச்சபையிலிருந்து நான்கு பேர் வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள். மதியத்துக்கு மேல் ரத்தம் நின்றது.

"மாத்திரையோட வேகத்த முறிக்க மருந்து இருக்குதுங்களாமே?" என்று கேட்டேன்.

"இருக்குங்க. அத நெறையக் குடுத்தா ரத்தம் நிக்கும். அதோட வால்வுலயும் உறைஞ்சுரும். அப்பறம் பல நாளைக்கு மாத்திரை கேக்காது. அதனால பாத்துப் பாத்துத்தான் எறக்கணும்" என்றார். பிறகு கேட்டார்: "என்ன மாறுச்சு? புதுசா மாத்திரை? வலி மாத்திரை? நாட்டு மருந்து?"

"இல்லைங்க டாக்டர்."

"மாத்திரை அளவு மாத்திப் போட்டுட்டாங்களா?"

"இல்லைங்க. நானே எடுத்துக் குடுக்கறனுங்க."

"சாப்பாடு?"

"எப்பவும்போலத்தானுங்க. ஒண்ணும் மாறலைங்க."

இந்தக் கடைசிப் பதிலை நான் எந்தத் தயக்கமும் இல்லாமல் சொன்னேன். பன்னிரண்டு ஆண்டுகள் நிருபராக இருந்தவன். பொய் சொல்லவில்லை. நான் சொன்னது உண்மையும் இல்லை.

டாக்டர் கோப்பைப் புரட்டினார். "பிப்ரவரியில நாலு மில்லிகிராம் போதுமா இருந்துச்சு. மார்ச்ல எண் எறங்குச்சு, ஏத்துனேன். மறுபடியும் பத்தல, ஏத்துனேன். இப்ப அதே ஆறு மில்லிகிராம் இவ்வளவு அதிகமாயிருச்சு. ஏன்னு தெரியாம மறுபடி எந்த அளவுல ஆரம்பிக்கறது? ரெண்டு மூணு நாள்ல ஆரம்பிச்சே ஆகணும். கொறச்சலாக் குடுத்தா வால்வு போயிரும். கூடிப்போனா மறுபடி இதேதான். இந்தத் தடவை மூக்குல வந்துச்சு. அடுத்த தடவை மூளையில வரலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

அன்று முழுவதும் யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. என்னுடைய அவிசுவாசத்தையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அறுவை சிகிச்சை நாளில் நானும் எஸ்தரும் ஒரு பொருத்தனை செய்திருந்தோம். வால்வு நல்லபடி அமைந்தால், வருகிற லெந்தில், ஈஸ்டருக்கு முந்தின அந்த நாற்பது நாளும், கறி, மீன், முட்டை தொடுவதில்லை என்று. அதை ஒரு நாள்கூடத் தவறாமல் நிறைவேற்றினோம். ஈஸ்டர் முடிந்து ஒன்பதாம் நாள் அவள் இப்படிப் படுத்திருக்கிறாள். "உமக்கென்று உபவாசம் இருந்தோமே, அதற்கு இதுவா?" என்று மனதுக்குள் கேட்டேன். கேட்டது ஜெபமல்ல. கணக்குத் தீர்க்கும் குரல்.

மறுநாள் புதன்கிழமை. மதியம் எஸ்தர் தூங்கிக்கொண்டிருந்தாள். காலையில் எடுத்த ஐ.என்.ஆர். ஐந்தே காலுக்கு இறங்கியிருந்தது. வார்டுக்கு வெளியே ஒரு மரப் பெஞ்சில் உட்கார்ந்தேன். மடியில் டைரி. எதிரே தண்ணீர்ப் பானை, அதன் மேல் சங்கிலியில் கட்டிய டம்ளர். நீளமாக ஜெபிக்க எனக்கு ஒருபோதும் வராது. செய்தி எழுதிப் பழகிய கைக்கு அலங்காரம் வராது, வாய்க்கும் அப்படித்தான். அன்று கேட்டது இவ்வளவுதான்:

"ஆண்டவரே, எங்கேயோ தவறு நடந்திருக்கிறது. அது என் கண்ணுக்கு முன்னால்தான் இருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. காட்டும்."

ஆமென் சொல்லிக் கண் திறந்தபோது மணி இரண்டே முக்கால். மூன்றரைக்கு கிரேஸ் அக்கா வந்தார்.

கிரேஸ் அக்கா சூலூரில் பால்வாடி ஆசிரியை. எங்கள் சபையின் பெண்கள் கூட்டத்தை நடத்துபவர். பஸ் ஏறி வந்த வேர்வையோடு, கையில் மூன்றடுக்குத் தூக்குப்போசி. எஸ்தர் விழித்துக்கொண்டாள்.

"ஏ அம்மணி, எப்படிக் கெடக்கறே பாரு. மொகமெல்லாம் வெளுத்துப்போச்சு."

"மூக்க அடச்சுப்போட்டாங்கக்கா. வாயில மூச்சு உடறேன். பேசவும் அதே வாய், மூச்சுக்கும் அதே வாய். உங்க தம்பிக்கு ரெண்டு நாளா நிம்மதி" என்றாள் எஸ்தர்.

அக்கா சிரிக்கவில்லை. தூக்குப்போசியைத் திறந்தார். மேலடுக்கில் ரசஞ்சோறு. அடுத்த இரண்டிலும் தேங்காய்ப்பூ போட்ட முருங்கைக்கீரைப் பொரியல், அடுக்கு நிறைய.

"நாப்பது நாளும் கீரை தின்னா. நல்லா இருந்தா. ஈஸ்டரோட நாங்க நிறுத்திப்போட்டோம். பத்து நாள் ஆகறதுக்குள்ள இப்படி ஆயிப்போச்சு. கீரைய நிறுத்துனதுதான் தம்பி தப்பு. நாந்தான் தப்புப் பண்ணிப்போட்டேன்." அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

எனக்குக் காதில் விழுந்தது நாற்பது நாள், ஈஸ்டர், பத்து நாள். அவை மூன்றும் தேதிகள்.

அந்தக் கீரையின் கதையைச் சொல்ல வேண்டும். லெந்துக்கு முன்பு எஸ்தர், தன் மாத்திரை ரத்தத்தை மெலிசாக்கும் என்று பெண்கள் கூட்டத்தில் சொல்லியிருக்கிறாள். ஜனங்கள் வழக்கமாகச் சொல்லும் வார்த்தை அது. உண்மையில் அந்த மாத்திரை ரத்தத்தில் தண்ணீர் கலப்பதில்லை, ரத்தத்தைக் குறைப்பதும் இல்லை. உறைய ஆகும் நேரத்தை மட்டும் கூட்டுகிறது. அக்காவுக்கு அது வேறு மாதிரி விளங்கியது. "ரத்தத்த மெலிசாக்குனா புள்ள ஒடம்புல அப்பறம் என்ன இருக்கும்? கறி, முட்டையும் இந்த வருசம் தொடமாட்டாளாம்" என்று கவலைப்பட்டு ஏற்பாடு செய்தார். எங்கள் சபையில் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு ஒரு முறை உண்டு: இந்தக் கிழமை இந்த வீடு என்று. அதே முறையில் கீரை வரத் தொடங்கியது. திங்கட்கிழமை கிரேஸ் அக்கா வீடு, செவ்வாய்க்கிழமை அடுத்த வீடு, இப்படி ஏழு நாளும் ஏழு வீடு. முருங்கை, அரைக்கீரை, பொன்னாங்கண்ணி. சட்டி சட்டியாக. அன்பினால் செய்தார்கள். யாருடைய கீரையையும் மறுக்க எஸ்தருக்கு மனமில்லை. மூன்றாம் வாரத்தில், "இன்னம் கொஞ்ச நாள் போனா நான் மேன்னு கத்தப்போறனுங்க" என்றாள். சிரித்தேன். நான் சிரித்தது என் டைரியில் இல்லை. கீரையும் இல்லை.

ஏனென்றால் லெந்து எங்களுக்கு மாற்றம் அல்ல. வருடா வருடம் வருவது; அதோடு வந்த கீரையும் எனக்கு லெந்துச் சாப்பாடாகத்தான் பட்டது. புதிதாக நடப்பதைத்தான் நிருபன் குறித்துக்கொள்வான். அறுவை சிகிச்சைக்குப் பின் வந்த முதல் லெந்து அது என்பதை நான் யோசிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த தாளில், உணவில் திடீர் மாற்றம் கூடாது என்று ஒரு வரி இருந்தது. நானே அதை எஸ்தருக்குத் தமிழில் படித்துச் சொன்னவன்.

பெஞ்சுக்குத் திரும்பி டைரியைப் பிரித்தேன்.

பிப்ரவரி 12: 2.8. மாத்திரை நாலு. பிப்ரவரி 21, சாம்பல் புதன், லெந்து ஆரம்பம். மார்ச் 11: 1.7. மாத்திரை ஐந்து. மார்ச் 25: 2.0. மாத்திரை ஆறு. ஏப்ரல் 3: 2.7. டாக்டருக்குத் திருப்தி, அடுத்த பரிசோதனை ஒரு மாதம் கழித்து. ஏப்ரல் 7, ஈஸ்டர். அன்று மதியம் ஆட்டுக்கறி. மறுநாளிலிருந்து ஒரு வீட்டிலிருந்தும் கீரை வரவில்லை. எஸ்தரும், ஒரு வருடத்துக்குக் கீரையைக் கண்ணில் காட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டாள். ஏப்ரல் 16: 7.5.

எண்கள் என் கையெழுத்தில், என் மடியில், இரண்டு மாதமாக இருந்தவை. அழுகை வந்தது. தண்ணீர்ப் பானைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

மாலை ஐந்து மணிக்கு டாக்டர் வந்ததும் டைரியைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நின்றுகொண்டே இரண்டு முறை படித்தார். பிறகு கட்டிலோரம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

"ரத்தம் உறையறதுக்கு வேண்டிய சில பொருள்கள ஈரல் செய்யுதுங்க. அதுக்கு வைட்டமின் கே வேணும். நம்ம மாத்திரை அந்த வைட்டமின் வேலை செய்யறதத் தடுக்குது. கீரையில அது நெறைய இருக்கு. நீங்க மாத்திரையில தடுத்துட்டு, கீரையில தொறந்து உட்டிருக்கீங்க. எண் எறங்குச்சு. எனக்குக் கீரை தெரியாது, மாத்திரைய ஏத்துனேன். நாப்பது நாள்ல ரெண்டும் சமமாச்சு. அப்பறம் ஒரே நாள்ல கீரைய நிறுத்திட்டீங்க. எதிர்த்து நிக்க ஆள் இல்லாம மாத்திரை மட்டும் நின்னுச்சு. மாத்திரையோட வேலை உடனே தெரியாது, சில நாள் பிடிக்கும். அதனாலதான் போன வாரம் வெளிய தெரியல." எஸ்தரைப் பார்த்தார். "இத்தன கீரையும் நீங்களே சாப்பிட்டீங்களாம்மா?"

"பாதிய இவருக்குத் தள்ளி உட்டனுங்க. இல்லீனா இன்னும் மோசமாயிருக்குங்களா?"

டாக்டர் சிரித்துவிட்டார். வாசலருகே நின்ற கிரேஸ் அக்காவைக் காட்டி, "இந்தம்மாதான் கண்டுபிடிச்சாங்க" என்றேன்.

"சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க. காரணம் மட்டும் தலைகீழா இருக்குது" என்றார் டாக்டர்.

அக்காவின் முகம் வாடியது. "அப்ப நாந்தான் அவளுக்கு வெசம் வெச்சுட்டனுங்களா?"

"இல்லைங்கம்மா. கீரை நல்லதுதான். அவங்க கீரைய உடவும் வேண்டாம். வாரத்துக்கு ரெண்டு நாள் ஒரு கிண்ணம்னா, வருசம் பூரா அதே ரெண்டு நாள், அதே கிண்ணம். நாங்க அதுக்குத் தகுந்த மாத்திரை குடுத்துக்குவோம். எங்களுக்குத் தெரியாம ஏத்தவும் கூடாது, எறக்கவும் கூடாது. அவ்வளவுதான்."

சனிக்கிழமை எண் 3.1க்கு வந்தது. அன்று மாலை, பழைய நாலு மில்லிகிராமிலேயே மாத்திரையைத் திரும்பத் தொடங்கினார்கள். இப்போது காரணம் தெரியும், அதனால் பயமில்லாமல் தொடங்க முடிந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை வீடு திரும்பினோம். தெருவில் தறிச்சத்தம் பழையபடி. கட்டிலில் அவளைப் படுக்கவைத்துக் கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. நானும் கிரேஸ் அக்காவும் நின்று கேட்டோம். டிக், டிக்.

"நிக்கல பாருங்க" என்றாள் எஸ்தர்.

மே 6, திங்கட்கிழமை, முதல் பஸ். மதியம் வந்த எண்: 2.8. பிப்ரவரியில் இருந்த அதே எண். அன்று ஆளுக்கொரு நெய் ரோஸ்ட் சாப்பிட்டோம்.

சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்: கிரேஸ் அக்கா எப்படியும் வந்திருப்பார், கீரையைப் பற்றி எப்படியும் பேசியிருப்பார், இதில் ஜெபம் எங்கே வந்தது என்று. நியாயமான கேள்வி. என்னிடம் உள்ள பதில் இதுதான். கீரையைப் பற்றி நாற்பது நாளாக என் வீட்டில் பேச்சு. நான் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். ஒரு வார்த்தையும் எனக்குள் போகவில்லை. "எனக்குத் தெரியவில்லை, காட்டும்" என்று நான் சொன்னது அந்தப் புதன்கிழமைதான். முக்கால் மணி நேரத்தில் அது காட்டப்பட்டது. தவறான காரணத்தைச் சொன்ன ஒரு வாயிலிருந்து சரியான தேதிகள் வந்தன. சனிக்கிழமை வரை தெரியாமலே போயிருந்தால் டாக்டர் ஊகத்தில்தான் ஓர் அளவைத் தீர்மானித்திருக்க வேண்டும். இதை நான் தற்செயல் என்று எழுதமாட்டேன்.

எங்கள் பொருத்தனையை ஆண்டவர் தள்ளிவிட்டார் என்ற எண்ணமும் அன்றோடு போனது. அவர் கேட்டது எங்கள் இருதயத்தை. கீரையின் அளவை அவர் டாக்டரிடம் விட்டிருந்தார்.

அடுத்த ஆண்டு லெந்துக்கு ஒரு மாதம் முன்னதாகவே எஸ்தர் டாக்டரிடம் போய், "எங்களுக்கு நாப்பது நாள் வருதுங்க, என்ன உடலாமுங்க?" என்று கேட்டாள். காப்பியை விட்டாள். நான் டீக்கடைப் பேச்சை விட்டேன். அதனால் அந்த நாற்பது நாளில் மூன்று செய்திகள் மற்ற பத்திரிகையில்தான் முதலில் வந்தன. கீரை முறையும் நிற்கவில்லை, மாறியது. புதனும் சனியும் மட்டும், ஒரே அளவுக் கிண்ணத்தில். அந்தக் கிண்ணத்தைக் கிரேஸ் அக்காவே பாத்திரக்கடையில் வாங்கி, அடியில் எஸ்தர் பெயரை வெட்டிக்கொண்டு வந்தார். அக்கா இன்று இல்லை. கிண்ணம் இருக்கிறது. புதனும் சனியும் அடுப்படி அலமாரியிலிருந்து அது இறங்கும்.

என் டைரிக்கும் ஒரு மாற்றம் வந்தது. அன்றிலிருந்து ஐ.என்.ஆர். பக்கத்தில் சாப்பாடு, காய்ச்சல், உபவாசம், தலைவலி மாத்திரை எல்லாம் எழுதுகிறேன். வழக்கமானதையும் எழுதுகிறேன். அதைத்தான் முதலில் எழுதுகிறேன்.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். நீளமான ஜெபம் வராவிட்டால் பரவாயில்லை. தெரியவில்லை என்று அவரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமானதாக இருந்தது. சொல்லிவிட்டு எழுந்து, அடுத்து வருகிறவர் பேசுவதைக் காதுகொடுத்துக் கேளுங்கள். பதில் கீரைச் சட்டியோடும் வரலாம். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆண்டவருக்கென்று இருக்கும் உபவாசத்தையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவருக்குச் சொன்னதை இவருக்குச் சொல்வதில் விசுவாசக் குறைவு ஒன்றுமில்லை.

எங்கள் தெருவில் இப்போது பாதித் தறிகள் இல்லை. கரண்டும் முன்போலப் போவதில்லை. காலை ஜெபத்துக்கு நானும் எஸ்தரும் உட்காரும்போது மின்விசிறியை நான் அணைத்துவிடுவேன். "புழுக்கமா இருக்குதுங்க, எதுக்கு அணைக்கறீங்க?" என்று அவள் ஒவ்வொரு நாளும் கேட்பாள். எதற்கென்று அவளுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் அந்த டிக், டிக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பிறகுதான் ஜெபத்தைத் தொடங்குகிறேன்.